கோட்டூரா, கூத்தூரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ரீயூனியன் தீவைப் பற்றி யூடியூபில் ஒரு காணொளி பார்த்தேன். மூன்று லட்சம் தமிழர்கள் அங்கே இருக்கிறார்களாம். ஆனால் அதில் பேசிய ஒருவருக்கும் தமிழ் வரவில்லை. ராமசாமி என்று பெயர் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் பேசுகிறார்கள். பார்க்க வருத்தமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் கோபமாகவும் இருந்தது. நூற்றைம்பது வருஷத்தில் தாய்மொழியை இப்படியா மறப்பார்கள்? அது தனி நாடா, பிரான்ஸின் காலனியா, யார் ஆள்கிறார்கள்? எரிமலை அடிக்கடி வெடிக்கும் இடத்தில் எப்படித் தைரியமாக இருக்கிறார்கள்? ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை. விசா கிடைக்குமா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் போன வாரம் அலமாரியைக் காலி செய்தபோது ஒரு பழைய ஜெராக்ஸ் தாள் கண்ணில் பட்டது. அதைப் பத்திரமாக எங்கேயோ வைத்துவிட்டு, எங்கே வைத்தேன் என்று மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் விக்கிப்பீடியாவைப் பாருங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். 

தனி நாடும் இல்லை, சட்டப்படி காலனியும் இல்லை. அது பிரான்ஸ். தஞ்சாவூர் எப்படித் தமிழ்நாட்டில் ஒரு மாவட்டமோ அப்படி. யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால் அவர்களிடம் ஒரு யூரோ நோட்டு வாங்கிப் பின்பக்கம் பாருங்கள். ஐரோப்பா படத்தின் அடியில் சின்னச் சின்னக் கட்டங்களில் சில புள்ளிகள் இருக்கும். அதில் ஒரு புள்ளி ரீயூனியன். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில், பாரிஸிலிருந்து ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் அங்கே ஓடும் பணம் யூரோ. பிரெஞ்சு ஜனாதிபதிக்கு அவர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். பாரிஸ் நாடாளுமன்றத்தின் கீழவைக்கு ஏழு பேரையும் மேலவையான செனட்டுக்கு நான்கு பேரையும் அனுப்புகிறார்கள். மாவட்ட மன்றம், மாநில மன்றம் என்று ஒரே தீவுக்கு இரண்டு சபைகள், 24 நகராட்சிகள். எல்லாவற்றுக்கும் மேலே பாரிஸ் அனுப்பிவைக்கும் பிரெஃபே. நம்மூர்க் கலெக்டரையும் கவர்னரையும் சேர்த்துப் பிசைந்தால் வரும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அவர்கள் மேல் யாரும் திணித்ததாக நினைக்காதீர்கள். 1946 மார்ச்சில் காலனியை மாவட்டமாக மாற்றிய சட்டத்துக்குப் போராடியவர்கள் இடதுசாரிகள். இதேபோன்ற பிரெஞ்சுக் கரீபியன் தீவான மார்த்தினிக்கின் எமே செசேர், ரீயூனியனின் ரேமோன் வெர்ஜஸ், லெயோன் தெ லெப்பெர்வாஞ்ச் ஆகியோர். அவர்கள் கணக்கு எளிமையானது. கரும்புத் தோட்ட முதலாளியிடமிருந்து தப்பிக்க வேண்டுமானால் பிரான்ஸின் தொழிலாளர் சட்டமும் சமூகப் பாதுகாப்பும் இங்கேயும் வரவேண்டும். வந்தது, ஆமை வேகத்தில். குறைந்தபட்சக் கூலி பிரான்ஸுக்குச் சமமாக ஆனது 1996இல், அரை நூற்றாண்டு கழித்து. நடுவில் 1960களிலிருந்து இருபது வருஷம், 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் 'படிக்க வைக்கிறோம்' என்று தீவிலிருந்து பிரித்து, பிரான்ஸில் ஆள் குறைந்துபோன கிராமப்புறங்களுக்கு அனுப்பினார்கள். பலருக்குப் பெற்றோர் இருந்தார்களா இல்லையா என்பதுகூடச் சரியாகச் சொல்லப்படவில்லை. 2014இல்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் அரசின் தார்மீகப் பொறுப்பை ஒத்துக்கொண்டு தீர்மானம் போட்டது. ஆகவே 'காலனியா' என்று கேட்டீர்களே, சட்டம் இல்லை என்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் கேட்டால் வேறு பதில் வரும்.

எரிமலையை விடுங்கள். அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் யூடியூப்காரர்கள்தான். தீவே இரண்டு எரிமலைகள் சேர்ந்ததுதான். 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேஜ் தூங்கிப் பல ஆயிரம் வருஷம் ஆகிறது. தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் அடிக்கடி பொங்கும். பொங்கினாலும் பெரும்பாலும் தனக்கென்று இருக்கும் ஆளில்லாத பெரிய பள்ளத்துக்குள்ளேயே ஓடி அடங்கும், சில சமயம் கடல்வரை போகும். ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவார்கள். 1977இல் ஒருமுறை பள்ளத்துக்கு வெளியே பிளந்துகொண்டு சேன்த் ரோஸ் பக்கம் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தது. வீடுகள் போயின. தேவாலயத்தின் வாசல்வரை வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து, அப்படியே நின்று கல்லானது. இன்றும் அந்தக் கரும்பாறைக்கு நடுவில்தான் கோயில் நிற்கிறது, பெயரும் எரிமலைக்குழம்பு மாதா.

உண்மையில் அவர்கள் பயப்படுவது மழைக்கு. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது மலைமேல் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது. சென்னைக்குச் சராசரியாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதுகூட இவ்வளவு வராது. அப்படிப்பட்ட மழைதான் காலங்காலமாகத் தீவின் நடுவை மூன்று கிண்ணங்களாகக் குடைந்து வைத்திருக்கிறது. அதில் மஃபாத் என்ற கிண்ணத்துக்கு இன்றுவரை சாலை கிடையாது. அரிசி மூட்டை ஹெலிகாப்டரில் இறங்கும், மனிதர்கள் நடந்து போவார்கள். தோட்டத்திலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூமிக்கு அடியில் இருக்கும் இதே அடுப்பின் மேலேதான் சுமார் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தியா நகர்ந்து போனது. தக்காணத்தின் கரும்பாறை அங்கே வெந்ததுதான். உறவு கொண்டாட வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்கலாம்.

சரி, மூன்று லட்சத்துக்கு வருவோம். யார் எண்ணினார்கள்? பிரெஞ்சு மக்கள்தொகைக் கணக்கில் இனமும் மதமும் கேட்பதில்லை. கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் பேர் இருக்கும் தீவில் எவ்வளவு பேர் எந்த வம்சம் என்பதெல்லாம் ஊகம். அங்கே யாரும் தங்களைத் தமிழர் என்று சொல்லிக்கொண்டு பிறப்பதும் இல்லை. மல்பார் என்கிறார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரைக்காரர்கள். பெயர் மட்டும் மலபார் கரையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஆப்பிரிக்க வம்சத்தவர் காஃப், குஜராத்தி முஸ்லிம்கள் ஸரப், பிரான்ஸிலிருந்து வந்து வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஸொரே. தீவுக்காரர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல், பிரெஞ்சு இல்லை. நீங்கள் காணொளியில் கேட்டதும் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது அந்தச் சொல். 'மறந்துவிட்டார்கள்.' தம்பி, இந்தச் சொல்லை நான் நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாநாட்டு மேடையில், சிறப்பு மலரில், பயணக் கட்டுரையில். ஏதோ ரயிலில் குடையை மறந்த மாதிரி! 1848 டிசம்பர் 20இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான 60,000 பேரில் பெரும்பாலோர் இனி கரும்பு வெட்ட மாட்டோம் என்று கிளம்பிவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் சென்னையிலும் ஒப்பந்தம் போட்டு ஆள் ஏற்றினார்கள். 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு நிறுத்தும்வரை ஒரு லட்சத்துக்கும் மேல் போனார்கள். போய் இறங்கியதும் கொள்ளைநோய்க்குப் பயந்து லா கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் அடைத்து வைத்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு தோட்டம். ஆண்களைவிடப் பெண்கள் மிகக் குறைவு. பலர் அங்கிருந்த பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். தாய்மொழிக்குத் தாய் வேண்டுமல்லவா? தாய் பேசியது கிரியோல். பிள்ளைக்கு ஞானஸ்நானம், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. இதில் எந்த இடத்தில் அவன் குடையை மறந்தான்?

அதோடு எதையெல்லாம் விடவில்லை என்று பாருங்கள். தோட்டத்து ஓரக் கோயிலில் பாண்டியாலே என்று திரௌபதிக்குத் தீ மிதிக்கிறார்கள். கோயில் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, அர்த்தம் தெரியாமலே அட்சரம் பிசகாமல் பாடுகிறார்கள். அர்த்தம் தெரிந்த நாம் எத்தனை பாட்டு பாடுகிறோம்?

பெயர் விஷயத்தைத்தான் நீங்கள் கேலி செய்கிறீர்கள். ராமசாமி என்று பெயர், பேச்சு பிரெஞ்சு. அந்த ராமசாமி அவர் பெயர் இல்லை. அவர் பெயர் ழானோ பியேரோ. ராமசாமி கப்பலேறிய ஆளின் பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் ஒரு தலைமுறைக்கு இனிஷியலாக நிற்கும், அடுத்த தலைமுறையில் கழன்று விழும். பிரெஞ்சுக் குமாஸ்தாவுக்கு இது புரியவில்லை. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டான். என் பெயர் ராமசாமி என்றான் இவன். எழுதிக்கொண்டான். அன்றோடு அந்தப் பெயர் மகனுக்கும் பேத்திக்கும் அவள் தம்பி பிள்ளைக்கும் என்று வழிவழியாக நின்றுவிட்டது. காகிதத்தில் ஸ்பெல்லிங் சிதைந்திருக்கும், நாக்கில் திரிந்திருக்கும், ஆனால் ஆள் அப்படியே இருக்கிறான். ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒரு கூலிக்காரனின் பெயரை அந்தக் குடும்பம் தினமும் கையெழுத்தாகப் போடுகிறது. 'பெயரன்' என்று சொல் வைத்திருக்கிற நமக்கு இந்த வசதி இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் அந்த ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். நான் காரைக்காலில் இருந்தேன். பள்ளியில் படித்த அரைகுறைப் பிரெஞ்சு தெரியும் என்று ஒரு நண்பர் என்னை மாட்டிவிட்டார். வந்தவருக்கு அறுபது வயதிருக்கும், தீவின் கிழக்கே சேன்தாந்த்ரே ஊர்க்காரர். கறுத்து, ஒல்லியாக, எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் ஜாடையில் இருந்தார். கையில் தீவின் குடியேற்றப் பதிவேட்டின் நகல். ஒரு எண், ஒரு பெயர், அப்பா பெயர், வயது 22, கப்பல், ஊர். ஊர்ப் பெயரில்தான் சிக்கல். பிரெஞ்சுக் குமாஸ்தா அவன் எழுத்தில் கூட்டிக் கிறுக்கியிருந்தான். இரண்டாவது எழுத்து 'ஓ'வா, 'ஊ'வா? ஓ என்றால் கோட்டூர். ஊ என்றால் கூத்தூர். எழுதியவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அம்பாசடர் எடுத்துக்கொண்டு இரண்டு ஊருக்கும் போனோம். முதல் ஊரில் பிள்ளையார் கோயில் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, அவுங்க என்ன ஆளுங்க?" என்றார். இதை நான் எப்படி மொழிபெயர்ப்பது? நீங்கள் யார் என்று கேட்கிறார் என்றேன். வந்தவர் மார்பில் கை வைத்து, முகமெல்லாம் மலர்ந்து, "மல்பார்" என்றார். பெரியவர் யோசித்தார். "அப்படி ஒரு சாதி இந்தப் பக்கம் கெடையாதே." என்ன சொன்னார் என்று இவர் கேட்டார். உங்களைப் பார்த்ததில் சந்தோஷமாம் என்றேன். இன்றுவரை அந்தப் பொய்க்காக நான் வருத்தப்பட்டதில்லை.

திரும்பும் வழியில் சந்தையில் ஒரு கிழவி முருங்கைக் கீரையைக் கட்டுக் கட்டாகப் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். இவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினார். "ப்ரேத் மூரும்! ப்ரேத் மூரும்!" வீட்டுக் கொல்லையில் இருக்கிறதாம், அம்மா வைப்பாளாம். கிழவிக்கு 'மூரும்' பாதி புரிந்தது. ஒரு கட்டை எடுத்து நீட்டினாள், காசு வாங்கவில்லை. ஹோட்டல் அறையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தாரோ.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவர் ஒரு பெரிய தாளை விரித்தார். கட்டம் போட்டு, ஏழு தலைமுறை. எல்லாருக்கும் பிறந்த தேதி, செத்த தேதி. அடியில் பேரப்பிள்ளைகள், உச்சியில் பதிவேட்டில் இருந்த அந்த அப்பா பெயர். பிறகு நோட்டைத் திருப்பிப் புதுப் பக்கம் எடுத்து, பேனாவைத் திறந்து, "உங்களுடையது?" என்று கேட்டார். என் பெயர் சொன்னேன். அப்பா பெயர் சொன்னேன். தாத்தா பெயர் சொன்னேன். தாத்தாவின் அப்பா பெயர், என் பெரியப்பாவுக்கு வைத்திருந்ததால் தெரியும், சொன்னேன். அதற்கு மேல்? அவர் பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தார். டீ ஆறிப்போனது.

உங்களுக்கு எத்தனை தலைமுறை தெரியும், ம.? கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

விசா கேட்டிருந்தீர்கள், கிட்டத்தட்ட மறந்தே போனேன். அது பிரான்ஸாக இருந்தாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்றவிடும் ஷெங்கனில் சேராது. ஐரோப்பா விசாவை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், பிரெஞ்சுத் தூதரகத்தில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி வேண்டாம், புயல் காலம்.

அந்த ஜெராக்ஸ் தாள் நேற்று ராத்திரி அகராதிக்குள் கிடைத்தது. ஸ்கேன் செய்து இன்று உங்களுக்கு அனுப்புகிறேன். அவருக்கு இரண்டு ஊரிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர், இளம் கண். மேலிருந்து ஐந்தாவது வரி. இரண்டாவது எழுத்து 'ஓ'வா, 'ஊ'வா என்று பார்த்துச் சொல்லுங்கள்.