வலை விரிப்பவளின் கணக்கு: தொண்ணூறுகளின் க்ரைம் த்ரில்லர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்தக் கேள்விகளுக்குக் கதை முடிவுகளைத் தொடாமல் பதில் சொல்ல வழியில்லை. படம் பார்க்காதவர்கள் அந்தந்தப் படத்தின் பெயர் வரும் இடத்தில் தாண்டிப் போய்விடலாம்.

‘ஃபெம் ஃபடால்’ என்பதைத் தமிழில் ‘மோகினி’ என்று எழுதலாமா? ‘விஷகன்னி’ பொருந்துமா?

இரண்டுமே முழுசாகப் பொருந்தாது. பிரெஞ்சில் நேர்ப்பொருள், உயிருக்கு உலை வைக்கும் பெண். புளியமரத்து மோகினிப் பிசாசுக்கு மயக்குவதோடு வேலை முடிந்தது. பாற்கடல் கதை மோகினி இன்னும் கொஞ்சம் நெருங்கி வருகிறாள். அசுரர்களை மயக்குவது அவளுக்கு ஒரு வழிதான், அமுதத்தைக் கைமாற்றுவதே நோக்கம். ஆனால் அதையும் தேவர்களுக்காகத்தான் செய்கிறாள். உடம்பிலேயே விஷம் ஏற்றப்பட்ட பெண்ணான விஷகன்னியின் நிலைமை இன்னும் மோசம். முத்ராராட்சசம் என்ற சமஸ்கிருத நாடகத்தில் சந்திரகுப்தனைக் கொல்ல, எதிரணி அமைச்சனான ராட்சசன் அவளை அனுப்புகிறான். சாணக்கியன் அவளைப் பர்வதகன் பக்கம் திருப்பிவிடுகிறான். இருவருமே அவளிடம் எதுவும் கேட்கவில்லை, அவள் யாரோ எறிந்த ஆயுதம்.

ஃபெம் ஃபடால் விஷயத்தில் ஆயுதமும் அவள்தான், எறியும் கையும் அவள்தான். ஒரு பாத்திரம் இந்த வகையா என்று பார்க்க நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். அவளுக்கு என்ன வேண்டும்? அதற்கு எந்த ஆணைக் கருவியாக்குகிறாள்? அவனுக்குத் தெரியாத எது அவளுக்குத் தெரிந்திருக்கிறது? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் எவ்வளவு அழகும் சிகரெட் புகையும் இருந்தாலும் அவள் வெறும் கவர்ச்சிப் பாத்திரம்தான்.

அப்படியானால் ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ அலெக்ஸ்?

இல்லை. 1987-இல் வந்த அந்தப் படத்தில், மணமான டானோடு ஏற்பட்ட குறுகிய உறவுக்குப் பின் அவனை விடாமல் துரத்தும் அலெக்ஸிடம் திட்டமே கிடையாது, காயம்தான் இருக்கிறது. முதலில் எடுத்த முடிவில் அவள் தன்னையே குத்திக்கொண்டு சாகிறாள். கத்தியில் டானின் கைரேகை இருப்பதால் பழி அவன்மேல் விழுகிறது. முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்களுக்கு அது பிடிக்காததால், குளியலறையில் அவளைக் கொல்லும் முடிவைப் புதிதாக எடுத்தார்கள். பழைய முடிவு இருந்திருந்தால்கூட அவளை இந்த வரிசையில் சேர்ப்பது கஷ்டம். செத்தபின் ஜெயிப்பது அவளுக்கு எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

நாற்பதுகளின் படங்களில் இவள் கடைசியில் செத்துப்போவாள் அல்லது பிடிபடுவாள். தொண்ணூறுகளில் தப்பிக்கிறாளே, ஏன்?

அப்போது விதி அப்படி இருந்தது. 1934 முதல் ஹாலிவுட்டில் கறாராக அமலான ஹேஸ் கோட் என்ற தணிக்கை விதிகள், குற்றம் செய்தவர் தண்டனை பெறாமல் படம் முடிவதை அனுமதிக்கவில்லை, அதுதான் காரணம். 1944-இன் ‘டபுள் இண்டெம்னிட்டி’யில் ஃபிலிஸ் கணவனுக்கே தெரியாமல் அவன்மேல் 50,000 டாலர் விபத்துக் காப்பீடு எடுக்க வைக்கிறாள். ரயில் விபத்தில் செத்தால் இரட்டிப்புத் தொகை. பாலிசி எழுதிய ஏஜென்ட்டே அவளுடைய கூட்டாளி. கணக்கு அத்தனை சுத்தம், ஆனாலும் அவள் குண்டடிபட்டுத்தான் ஆக வேண்டும். 1968-இல் கோட் போய் வயது வாரியான தரச்சான்று வந்தது. அதன்பின் தண்டனை என்பது எழுத்தாளரின் விருப்பமாயிற்று.

கதவைத் திறந்த படம் 1981-இன் ‘பாடி ஹீட்’. அதில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது படுக்கையறைக் காட்சிகளை அல்ல, உயில் விவகாரத்தை. கணவனின் உயிலில் பாதிச் சொத்து அவனுடைய சகோதரி மகளான சிறுமிக்குப் போகிறது. சொத்தை எவ்வளவு காலம் வரை கட்டிவைக்கலாம் என்று எல்லை போடும் பழைய சட்ட விதி ஒன்று உண்டு. மனைவியான மாட்டி என்பவள் அந்த விதியை மீறுகிற மாதிரி ஒரு புது உயிலைப் போலியாகத் தயாரிக்கிறாள். நீதிமன்றத்தில் அது செல்லாது. ஆகவே கணவன் உயிலே எழுதாமல் செத்ததாக ஆகிறது, ஃபுளோரிடா சட்டப்படி முழுச் சொத்தும் மனைவிக்கு. உயிலை எழுதியதாகக் காட்டப்படும் வக்கீல், அவளுடைய காதலன் நெட். இதே தவறை அவன் முன்பு ஒரு வழக்கில் நிஜமாகவே செய்திருக்கிறான், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அவள் அவனைத் தேடிப் பிடித்ததே அவன் சுமாரான வக்கீல் என்பதற்காகத்தான். தொண்ணூறுகளின் பெண்கள் எல்லோரும் இந்த ஒரு யோசனையிலிருந்து பிறந்தவர்கள். ஆணின் ஆசையை மட்டும் பயன்படுத்தினால் அவள் சாதாரண ஏமாற்றுக்காரி. இவர்கள் அவனுடைய குறையையே பொறியாக்குகிறார்கள்.

‘தி லாஸ்ட் செடக்‌ஷன்’ இரண்டு முறை பார்த்தும் கடைசிக் கால் மணி நேரம் பிடிபடவில்லை. பிரிட்ஜெட்டின் திட்டம்தான் என்ன?

ஜான் டாலின் 1994 படம். இந்தக் காலகட்டத்தில் இதற்கு மேல் ஒரு ஃபெம் ஃபடால் எழுதப்படவில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கணவன் க்ளே மருத்துவமனைக் கொக்கைனை விற்று 7,00,000 டாலர் கொண்டுவருகிறான். அவன் குளிக்கப் போன நேரத்தில் பிரிட்ஜெட் பணத்தோடு கிளம்பி பஃபலோ பக்கத்துச் சிற்றூரான பெஸ்டனில் தங்கிவிடுகிறாள். மணவாழ்க்கையில் வந்த பணத்தில் கணவனுக்கும் பங்குண்டு, விவாகரத்து முடியும்வரை செலவு செய்யாதே என்கிறார் வக்கீல். ஆகவே அவளுக்கு முதல் தேவை மறைவிடம். வெண்டி க்ராய் என்ற பெயரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறாள். ‘நியூ யார்க்’ என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து திருப்பிப் போட்டுச் செய்த பெயர் அது. அவள் கண்ணாடியில் பார்த்தால்தான் புரிகிற மாதிரி தலைகீழாக எழுதுபவள் என்று படம் முன்பே காட்டிவிடுகிறது.

இரண்டாவது தேவை, க்ளே சாக வேண்டும். அதற்குத்தான் பெஸ்டனில் அவள் வளைத்துப்போடும் உள்ளூர்க்காரன் மைக். துரோகம் செய்யும் கணவர்களைக் கொல்ல மனைவிகளிடம் ஒப்பந்தம் பேசும் ‘வியாபாரம்’ ஒன்றை அவனிடம் அவிழ்த்துவிடுகிறாள். ஒரு வக்கீலைக் கொல்ல வேண்டும் என்று சொல்லி நியூயார்க்குக்கு அனுப்புகிறாள். அந்த முகவரி க்ளேயின் வீடு. அழைப்பு மணிப் பலகையில் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றி வைத்திருக்கிறாள். உள்ளே போன மைக்கிடம் க்ளே தன் கல்யாணப் படத்தைக் காட்டிவிடுவதால் திட்டம் உடைகிறது. மைக்கால் கொல்ல முடியவில்லை.

உடைந்த திட்டத்தை அவள் ஒட்டும் விதம்தான் உங்களைக் குழப்பும் பகுதி. அவளே க்ளேயின் வாயில் தற்காப்பு ஸ்பிரேயை அடித்துக் கொன்றுவிடுகிறாள். பிறகு மைக் மறைத்து வைத்திருந்த பழைய திருமணத்தைச் சொல்லிக் குத்திக் குத்தி அவனை வெறியேற்றி, தன்னைத் தாக்க வைக்கிறாள். அதற்குள் போலீஸ் அவசர எண்ணை அழைத்து ரிசீவரைத் திறந்தே வைத்திருக்கிறாள். அவன் வாயாலேயே கொலையும் ஒப்புக்கொள்ளப்பட்டுப் பதிவாகிறது. சிறையில் மைக்கைக் காப்பாற்றக்கூடிய ஒரே தடயம் அந்தப் பெயர்ச்சீட்டு. கடைசிக் காட்சியில் காரில் உட்கார்ந்து அவள் எரிக்கும் துண்டுக் காகிதம் அதுதான். அடுத்தமுறை பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டு அவள் கைகளை மட்டும் கவனியுங்கள்.

பிரிட்ஜெட்டாக நடித்த லிண்டா ஃபியோரெண்டினோவுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லையே?

படம் தியேட்டருக்கு வருமுன் எச்.பி.ஓ.வில் ஒளிபரப்பாகிவிட்டது. ஆஸ்கர் விதிப்படி அதனால் தகுதி போயிற்று. நியூயார்க் விமர்சகர் வட்டம் 1994-இன் சிறந்த நடிகை விருதை அவருக்குத்தான் கொடுத்தது.

‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’: கொலைகாரி காத்தரினா, பெத்தா?

நாவலாசிரியை காத்தரின்தான், அவளை விசாரிக்கும் போலீஸ்காரன் நிக்கின் மனநல மருத்துவரான பெத் அல்ல. கட்டிலுக்கு அடியில் பனிக்கட்டி உடைக்கும் ஊசியைக் காட்டும் கடைசி ஷாட் வேறெதற்கும் இல்லை. பெத் வீட்டில் கிடைக்கும் தடயங்கள் அளவுக்கு மீறி வசதியாக இருக்கின்றன, அதையும் கவனியுங்கள்.

விசாரணை அறைக் காட்சியை எல்லோரும் காத்தரின் கால் மாற்றிப் போடும் ஒரே ஒரு நொடிக்காகப் பேசுகிறார்கள். அந்த அறையில் நடப்பது அதைவிடப் பெரியது. சுற்றி ஆண்கள், நடுவில் அவள். வக்கீல் வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுகிறாள். கேட்பவர்கள் வியர்க்கிறார்கள். பதில் சொல்பவள் கேள்விகளைத் திருப்பிவிடுகிறாள். அவளுடைய வாதம் எளிமையானது: நான் எழுதிய நாவலில் இருக்கிறபடியே கொலை செய்ய நான் என்ன முட்டாளா? எழுதிய புத்தகமே அவளுக்கு அலிபி. போலீஸ் உள்விசாரணை அதிகாரி ஒருவரிடமிருந்து நிக்கின் மனநல மருத்துவக் கோப்பும் அவள் கைக்குப் போகிறது. விசாரிப்பவனைப் பற்றி விசாரிக்கப்படுபவளுக்குத்தான் அதிகம் தெரியும். மூன்றாவது கேள்வி என்றோமே, அதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அந்த ஒரு நொடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திரையில் என்ன தெரியும் என்பதைச் சொல்லாமல் தன்னை ஏமாற்றி எடுத்ததாக, காத்தரினாக நடித்த ஷரன் ஸ்டோன் 2021-இல் வந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இயக்குநர் பால் வெர்ஹோவன் அதை மறுத்திருக்கிறார். நடிகையின் சம்மதம் கேள்விக்குள்ளான ஒரு ஷாட்டைக் ‘கிளாசிக்’ என்று சொல்லிக் கொண்டாட எங்களுக்கு மனம் வரவில்லை.

குறும்படம் எடுக்கிறோம். ஜன்னல் பட்டைகளின் நிழல் நாயகி முகத்தில் விழ வேண்டும். எப்படி வைத்தாலும் மங்கலாகவே வருகிறது.

வெளிச்சத்தை மென்மையாகப் பரப்பும் துணி முகப்புள்ள சாஃப்ட் பாக்ஸ் விளக்கை நீங்கள் போட்டிருப்பீர்கள். நிழல் ஓரத்தின் மங்கல் அளவு இப்படி: விளக்கு முகப்பின் அகலத்தைப் பட்டையிலிருந்து முகம் வரையுள்ள தூரத்தால் பெருக்கி, விளக்கிலிருந்து பட்டை வரையுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 60 செ.மீ. சாஃப்ட் பாக்ஸ், விளக்கு முதல் பட்டை 4 மீட்டர், பட்டை முதல் முகம் 1 மீட்டர் என்றால் மங்கல் 15 செ.மீ. நிழலே இருக்காது. அதே இடத்தில் 10 செ.மீ. முகப்புள்ள ஃப்ரெனல் விளக்கு (லென்ஸ் வைத்த கூர்மையான விளக்கு) வைத்தால் 2.5 செ.மீ.தான்.

ஆகவே வெளிச்சத்தைப் பரப்பும் டிஃப்யூஷன் திரையைக் கழற்றுங்கள், விளக்கைப் பின்னுக்குத் தள்ளுங்கள், பட்டையை முகத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். வீட்டு பிளைண்ட்ஸின் 2.5 செ.மீ. பட்டைகள் இந்தத் தூரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஃபோம் போர்டில் 5 செ.மீ. பட்டை, 5 செ.மீ. இடைவெளி என்று வெட்டி ஸ்டாண்டில் கட்டுங்கள். முகத்தில் ஒவ்வொரு பட்டையும் ஏறக்குறைய 6 செ.மீ. அகலத்தில் விழும். இரு கண்களும் ஒரே வெளிச்சப் பட்டைக்குள் வரும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். வாய் இருட்டில் இருந்தால் இன்னும் நல்லது, பேசுவது யார் என்ற சந்தேகம் தொடரும். எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் கறுப்புத் துணி போடுங்கள். சுவரில் பட்டு வரும் வெளிச்சம் நிழலை நிரப்பிவிடும்.

என் திரைக்கதையில் வரும் பெண்ணைப் படித்தவர்கள் எல்லோரும் பத்தாம் பக்கத்திலேயே ‘இவள்தான்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

சொல்லட்டும். இந்த வகையில் பார்வையாளருக்கு அவள்மேல் சந்தேகம் வருவது குறையில்லை. சுவரொட்டியைப் பார்த்தே தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். அவர்களுக்குத் தெரியக் கூடாதது, அவளுடைய கணக்கு எது என்பது. உங்கள் பிரச்சினை வேறெங்கோ இருக்கலாம். அவளை அதிகம் பொய் சொல்ல விடுகிறீர்களா என்று பாருங்கள். காத்தரின் நிக்கிடம் தன் அடுத்த நாவலின் கதையையே சொல்கிறாள்: தவறான பெண்ணிடம் மாட்டும் துப்பறிவாளன், அவனை அவள் கொன்றுவிடுவாள். பிரிட்ஜெட் தான் எப்படிப்பட்டவள் என்பதை மைக்கிடம் ஒளிப்பதே இல்லை. நூறு உண்மைக்கு நடுவே ஒரே ஒரு பொய், அதுவும் மிகச் சரியான இடத்தில்.

செய்துபாருங்கள்: முதலில் அவளையே கதாநாயகியாக வைத்து, தேதி வாரியாக அவள் செய்வதை எல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதுங்கள். பிறகு, அவன் பார்க்காத காட்சிகளை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் படம். அவன் விலகிப் போக மூன்று வாய்ப்பாவது கொடுங்கள். மூன்று தடவையும் அவனே திரும்பி வர வேண்டும். அவனை முட்டாளாக்கிவிட்டால் அவளுடைய வெற்றிக்கு மதிப்பில்லை. கடைசியில் அவளுக்கு ஒரு சோகப் பிளாஷ்பேக் வைத்து நியாயம் கற்பிக்கும் ஆசை வரும். விட்டுவிடுங்கள்.

இவையெல்லாம் பெண்களை இழிவு செய்யும் படங்கள் இல்லையா?

சில, ஆமாம். ‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’ படப்பிடிப்பின்போதே சான் பிரான்சிஸ்கோவில் ஒருபால் ஈர்ப்பாளர் அமைப்புகள் போராடின. பெண்களை விரும்பும் பெண்கள் என்றாலே கொலைகாரிகள் என்று காட்டுகிறீர்களே என்ற அவர்கள் கோபம் நியாயமானது. ‘தி லாஸ்ட் செடக்‌ஷ’னில் மைக்கின் பழைய மனைவி ஒரு திருநங்கை என்பதை அவமானமாக வைத்ததும் மன்னிக்க முடியாத இடம். எவ்வளவு பிடித்த படமென்றாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் படத்தாலேயே வந்த பதில் 1996-இன் ‘பவுண்ட்’. மாஃபியாக்காரன் சீசர் இரத்தக் கறை படிந்த 20 லட்சம் டாலரை நோட்டு நோட்டாகக் கழுவிக் காயப்போட்டு இஸ்திரி போடுகிறான். அவனோடு வாழும் வயலட்டும் பக்கத்து வீட்டு வேலைக்கு வந்த கோர்க்கியும் அதைத் திருடத் திட்டமிடுகிறார்கள். பழி முதலாளியின் மகன்மேல் விழும், சீசர் பயந்து ஓடுவான் என்பது கணக்கு. அவன் ஓடாமல் நின்றுவிடுவதால் எல்லாம் குலைகிறது. வயலட்டின் குரலைக் கேளுங்கள். ஆண்களிடம் மூச்சு கலந்த கொஞ்சல், கோர்க்கியிடம் தணிந்த சாதாரணக் குரல். கருவியாக நினைத்த கோர்க்கியையே வயலட் நம்ப வேண்டியிருக்கிறது, அந்த நம்பிக்கையும் பொய்க்கவில்லை. இந்த வகையில் அதற்குமுன் யாரும் அதை எழுதத் துணிந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை.

‘வைல்ட் திங்ஸ்’ (1998) முடிவில் யார் யாரோடு கூட்டு என்றே தெரியவில்லை.

பாதியில் எழுந்துவிட்டீர்கள். பெயர்ப்பட்டியல் ஓடும்போது இடையிடையே விடுபட்ட காட்சிகள் வரும். கூட்டாளிகளில் ஒருத்தியான சூசி ஒவ்வொருவரோடும் எப்போது பேசி முடித்தாள் என்பது அதில்தான் இருக்கிறது.