ஆங்கில ‘அங்கிள்’ சீன மாணவர்களை ஏன் குழப்புகிறது?

சீனம் பேசுபவர்கள் ‘அங்கிள்’ என்ற சொல்லில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு அப்பாவின் அண்ணன் ‘போபோ’, தம்பி ‘ஷூஷு’, தாய்மாமன் ‘ஜியூஜியூ’, அத்தை கணவர் ‘கூஃபு’, அம்மாவின் சகோதரி கணவர் ‘யீஃபு’. ஆங்கிலத்தில் ஐந்து பேருமே அங்கிள்தான்! பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சங்கடம் புரியும். ஆனால் நாம்கூட தாய்மாமனையும் அத்தை கணவரையும் ‘மாமா’வில் அடக்கிவிடுகிறோம், அவர்கள் அதற்கும் விடுவதில்லை. ஆங்கிலத்தில் தாய்மாமனைப் பிரித்துச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் ‘மை மதர்ஸ் பிரதர்’ என்றால் போதும்.

அப்புறம், சீனக் குழந்தைகள் முன்பின் தெரியாதவரையும் ‘ஷூஷு’ என்பார்கள். அதே பழக்கத்தில் லண்டனில் டாக்ஸி ஓட்டுநரை அங்கிள் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார். சிங்கப்பூரில் சர்வசாதாரணம்.