பழைய சாயப்பட்டறை இருந்த இடத்தைக் குடோன் கட்ட வாங்கலாமா?

திருப்பூரில் சாயப்பட்டறை இயங்கி மூடப்பட்ட இடமொன்று சுற்றுப்புற விலையைவிடக் குறைவாக வருகிறது, குடோன் கட்ட வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் மண்ணையும் தண்ணீரையும் சோதித்து அறிக்கை கைக்கு வரும் வரை அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எட்டும் வரை திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடிவைக்கும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபின் மீண்டும் திறக்கப்படாமல் போன பட்டறைகளில் ஒன்று இருந்த 30 சென்ட் இடத்தை, நானும் என் மைத்துனரும் நொய்யல் கரையருகே வாங்கினோம். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பார்த்த வக்கீல் குறையில்லை என்றார். அவர் சொன்னதில் தவறும் இல்லை. நிலம் யார் யார் கை மாறியது என்பதை வில்லங்கச் சான்று காட்டுமே தவிர, அதற்குள் எதைப் புதைத்தார்கள் என்பதைக் காட்டாது. அஸ்திவாரத்துக்கு ஜேசிபி நான்கடி இறங்கியதும் கருநீலமாகக் கசடு வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் போய்ச் சொன்னபோது, "அங்கேதானுங்க தொட்டிக் கசடைக் கொட்டி மூடினாங்க" என்றார். வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்தக் கசடை வேறெங்கும் கொட்ட முடியாது. சாயக்கழிவைச் சுத்திகரிக்கையில் கிடைக்கும் கசடு அபாயகரக் கழிவு என்பதால், அதை ஏற்க அனுமதி பெற்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும். விலையில் மிச்சம் என்று நினைத்த பணம் அதிலேயே போய், கட்டட வேலையும் எட்டு மாதம் நின்றது.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாயம் துணியில் ஏற உப்பை அள்ளிப் போட்டார்கள். அது நிலத்தடியில் தங்கிவிட்டது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமும், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 மில்லிகிராமும் இருக்கலாம் என்பது இந்தியத் தரம். எங்கள் போர்வெல்லில் 4,000-ஐத் தாண்டியது. குடிப்பதற்கு மட்டுமல்ல, கான்கிரீட் கலக்கவும் அது உதவவில்லை, ஏனெனில் குளோரைடு மிகுந்த தண்ணீர் உள்ளிருக்கும் கம்பியை அரித்துவிடும். கட்டி முடிக்கும் வரை லாரித் தண்ணீர்தான் வாங்கினோம்.

ஆகவே தொட்டிகள் இருந்த இடம், கழிவுநீர் வாய்க்கால் ஓடிய வழி, தாழ்ந்த மூலை ஆகியவற்றில் ஆறடி வரை மண்ணெடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உப்போடு குரோமியம் போன்ற கன உலோகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத பெருங்குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது என்று பின்னால் நிரூபிப்பது எளிதல்ல; எங்களால் முடியவில்லை. அதனால் நிலத்தில் கழிவு எதுவும் புதைக்கப்படவில்லை என்ற உறுதியையும், கசடு கிடைத்தால் அகற்றும் செலவு விற்பவருடையது என்ற நிபந்தனையையும் கிரைய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.