12 பக்கம் எழுதியும் பத்துக்கு ஐந்தா?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அறிவியல் வரலாறு விருப்பப் பாடம். 'ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்ட கதை' என்று 12 பக்கம் அசைன்மென்ட் எழுதினேன். தேதி, பெயர் எதிலும் தப்பு இல்லை என்று மேடமே சொன்னார். ஆனாலும் பத்துக்கு ஐந்துதான். தோழி 4 பக்கம் எழுதி எட்டு வாங்கிவிட்டாள். இது நியாயமா?
— மாணவி, திருநெல்வேலி

பதில்: 12 பக்கம் உட்கார்ந்து எழுதியவருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். உங்கள் கட்டுரையை நான் படிக்கவில்லை, அதனால் மதிப்பெண் சரியா என்று சொல்ல முடியாது. ஆனால் வரலாற்றுத் தாளில் தகவல் சரியாக இருப்பது ஆரம்பம் மட்டும்தான், அதற்கு மேல் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று பார்ப்பார்கள்.

ஹீலியத்தையே எடுத்துக்கொள்வோம். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணம், குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் நிறமாலைமானியில் (ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி; ஒவ்வொரு தனிமத்தின் ஒளியும் அதில் தனக்கென்று உள்ள இடங்களில் கோடுகளாகத் தெரியும்) பார்த்தார், ஹீலியம் கிடைத்தது: இப்படித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். உண்மையில் அன்று ஜான்சனைப் பரவசப்படுத்தியது வேறு. சூரியனின் விளிம்பில் எழும் தீச்சுடர்களின் கோடுகள் அவ்வளவு பிரகாசமாக இருந்ததால், கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்த்துவிடலாமே என்று தோன்றி, மறுநாளே பார்த்தும் விட்டார். இது தெரியாமலே அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர் அதையே செய்தார். பிரான்ஸ் இருவர் முகத்தையும் பொறித்துப் பதக்கம் வெளியிட்டது அந்த முறைக்காகத்தான். அப்போது ஹீலியம் என்ற பெயர்கூட இல்லை.

அப்புறம் ஹீலியத்தின் அடையாளமான அந்த மஞ்சள் கோடு. கிரகணத்தன்று அதைப் பார்த்தவர்கள் பலர், மசூலிப்பட்டினத்துக்குப் போயிருந்த சென்னை வானாய்வகத்தின் போக்சன் உட்பட. சோடியத்தின் கோடாக இருக்கும் என்றுதான் பெரும்பாலும் நினைத்தார்கள். அது சோடியத்தின் கோடு இருக்கும் இடத்தில் இல்லை என்று லாக்யர் பிறகு அளந்து காட்டினார், புதிய தனிமம் என்றார், பலர் நம்பவில்லை. 1895-இல் வேதியியலாளர் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து வந்த வாயுவில் அதே மஞ்சள் கோட்டைப் பார்த்த பிறகுதான் பூமியிலும் அது இருப்பது உறுதியானது. நடுவில் 27 வருடம்! அப்படியானால் கண்டுபிடித்தது யார், எந்த வருடம்? கோட்டைப் பார்த்தவரா, அது வேறு என்று சொன்னவரா, கையில் பிடித்தவரா? தோழியின் 4 பக்கத்தில் இப்படி ஒரு கேள்வி இருந்திருக்கலாம், வாங்கிப் படித்துப் பாருங்கள். மேடமிடம் போகும்போது மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லாமல், எந்தப் பக்கத்தில் நான் வெறுமனே கதை சொல்லியிருக்கிறேன் என்று கேளுங்கள். அடுத்த கட்டுரைக்கு அது உதவும்.

கேள்வி: இதே பாடத்தை நடத்துகிறேன். வகுப்பில் 62 பேர். இன்டர்னல் 25-இல் அசைன்மென்ட்டுக்குப் பத்து. எல்லாத் தாளிலும் ஒரே பத்தி, வரி மாறாமல். எப்படித் திருத்துவது?
— உதவிப் பேராசிரியர், கோவை

பதில்: திருத்துவதற்கு முன்னால் தலைப்பை மாற்றுங்கள் சார். 'கலிலியோவின் பங்களிப்பு' என்று கொடுத்தால் காப்பிதான் வரும், மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1610 ஜனவரியில் அவர் வியாழனைப் பார்த்துக் குறித்த படங்களை மட்டும் கொடுங்கள். 7-ஆம் தேதி மூன்று சிறு நட்சத்திரங்கள், கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. 8-ஆம் தேதி மூன்றுமே மேற்கே. 9-ஆம் தேதி மேகம். 10-ஆம் தேதி இரண்டுதான், இரண்டும் கிழக்கே. 13-ஆம் தேதி நான்கு. ஆளுக்கு ஒரு தேதி கொடுத்து, அந்த இரவு வரை தெரிந்ததை மட்டும் வைத்து என்ன முடிவுக்கு வரலாம், எதற்கு வர முடியாது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். 8-ஆம் தேதிக்காரர் 'இவை வியாழனின் நிலவுகள்' என்று எழுதினால், பின்னால் தெரிந்ததை முன்னால் கொண்டு வந்துவிட்டார் என்று அர்த்தம், அங்கே மதிப்பெண்ணைக் குறைக்கலாம். நான் சான்றுக்கு நாலு, வாதத்துக்கு நாலு, மொழிக்கு இரண்டு என்று வைப்பேன். நீங்கள் எப்படிப் பிரித்தாலும் சரி, எழுதுவதற்கு முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள், முடிந்ததும் சொன்னால் அது அநியாயம். முதல் பத்துத் தாளை மதிப்பெண் போடாமல் படித்துவிட்டு ஆரம்பித்தால், காலையில் திருத்தியதற்கும் இரவு அலுப்பில் திருத்தியதற்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் குறையும்.

கேள்வி: தமிழில் எழுதினால் மதிப்பெண் குறையுமா?
— மாணவர், தஞ்சாவூர்

பதில்: துறையில் அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள். உண்டென்றால் தயங்காமல் எழுதுங்கள், யோசிக்கும் மொழியில்தான் வாதம் தெளிவாக வரும். கலைச்சொல்லை மட்டும் கவனியுங்கள். முதல் பக்கத்தில் நிறமாலைமானி, மூன்றாம் பக்கத்தில் ஸ்பெக்ட்ரோஸ்கோப் என்று மாற்றி மாற்றி எழுதினால் படிப்பவர் இரண்டு கருவி என்று நினைத்துவிடுவார்.