ஒரு பக்கம் ஊமையான ஸ்பீக்கர்: கேள்வி பதில்

கேள்வி: கணினி ஸ்பீக்கரில் இடப்பக்கம் சத்தமே இல்லை. புதிதாக வாங்கிவிடலாமா?

பதில்: பணம் பையிலேயே இருக்கட்டும். ஸ்பீக்கர் பின்னை உருவி, ஹெட்போன் துளை உள்ள ஒரு பழைய கைப்பேசியில் செருகிப் பாட்டுப் போடுங்கள். இரண்டு பக்கமும் பாடினால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. விண்டோஸ் ஒலி அமைப்பில் இடது பக்க அளவு பூஜ்யத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணினியின் துளை தளர்ந்திருக்கும். கைப்பேசியிலும் ஊமை என்றால் பின்னைச் சந்தேகப்படுங்கள். 3.5 மி.மீ. பின்னில் இரண்டு கறுப்புக் கோடுகள் தெரியும். நுனி இடப்பக்கத்துக்கு, நடு வளையம் வலப்பக்கத்துக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பும் வழி. நுனிக்குப் போகும் மயிரிழைக் கம்பி அறுந்தால் இடப்பக்கம் மட்டும் அடங்கிவிடும். பின்னின் கழுத்தருகே வயரை மெல்ல வளையுங்கள். கரகரவென்று ஒரு நொடி உயிர் வந்தால் நோய் அங்கேதான். அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுப் பின் பற்றவைத்தால் போதும்.

கேள்வி: எனக்கு வலப்பக்கம் வரவில்லை.

பதில்: மேலே உள்ளதில் இடத்தை வலமாகவும் நுனியை வளையமாகவும் மாற்றிப் படியுங்கள். ஒரே கோடு உள்ள மோனோ பின்னைப் போட்டிருந்தாலும் வலப்பக்கம் வராது.

கேள்வி: வால்யூம் குமிழைத் திருகும்போது ஒரு பக்கம் வந்து வந்து போகிறது.

பதில்: குமிழுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கார்பன் பட்டைகள் உண்டு. ஒன்றில் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழை முப்பது தடவை கோடிக்குக் கோடி திருகுங்கள். அடங்காவிட்டால் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே.

கேள்வி: ஸ்ப்ரே எதற்கு? ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன், சரியாகிவிட்டது.

பதில்: தேங்காய் எண்ணெய் தலைக்கு. அப்படி எண்ணெய் குடித்த ஒரு பெட்டியைத் திறந்திருக்கிறேன். பட்டை மேல் தூசியும் எண்ணெயும் குழைந்து புளிக்கரைசல் மாதிரி இருந்தது.

கேள்வி: என் அப்பா ரேடியோவுக்கு அதைத்தான் விட்டார். இருபது வருடம் பாடியது.

பதில்: எண்ணெயால் பாடவில்லை, எண்ணெயைப் பொறுத்துக்கொண்டு பாடியது.

கேள்வி: தையல் மெஷின் எண்ணெய் விடலாமா?

பதில்: தையல் மெஷினுக்கு விடலாம்.

கேள்வி: ஸ்பீக்கரே எரிந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

பதில்: நல்ல கேள்வி. மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் செருகுங்கள். ஊமைத்தனம் அதே ஸ்பீக்கரோடு போனால் கோளாறு அந்த ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில். பெட்டியின் அதே பக்கத்தில் நின்றால் ஆம்ப்ளிஃபயரில், அல்லது அதற்கும் முன்னால். ஸ்பீக்கரை உறுதிப்படுத்த, அதைத் தனியே கழற்றி அதன் இரு கம்பிகளையும் 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு கணம் தொடுங்கள். 'டப்' என்றால் உயிரோடு இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் திறப்பதானால் பிளக்கைப் பிடுங்கிச் சற்றுப் பொறுங்கள். கபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

கேள்வி: புளூடூத் ஸ்பீக்கருக்கு?

பதில்: என் வேலை வயரோடு முடிந்தது.

கேள்வி: வலப்பக்கம் வரவில்லை, அவசரம்.

பதில்: இரண்டாவது பதில்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் விட்டவன்தான். இப்போது திருகினேன், மறுபடியும் கரகரக்கிறது. அந்த ஸ்ப்ரே எங்கே கிடைக்கும்?

பதில்: எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில். பிளக்கைப் பிடுங்கிவிட்டீர்களா?