ஃபேன்டசி கதைக்குள் உலக விவரம் எவ்வளவு இருக்கலாம்?

கேள்வி: வைகைக் கரை மாதிரியான ஒரு கற்பனை நாட்டை வைத்து ஃபேன்டசி நாவல் எழுதுகிறேன். வரைபடம், அரச வம்சம், மந்திர விதிகள் என்று ஒரு நோட்டு நிறையக் குறிப்பு இருக்கிறது. இதில் எவ்வளவைக் கதைக்குள் கொண்டுவரலாம்?

பதில்: பக்கக் கணக்குப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, இது தெரியாவிட்டால் இந்தக் காட்சியில் பாத்திரம் செய்கிற காரியம் வாசகருக்குப் புரியாமல் போகுமா என்று கேளுங்கள். போகாது என்றால் அது நோட்டிலேயே இருக்கட்டும்.

மதுரைக்காரர்களுக்குப் புட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதன் கட்டுமானத்தைக் கொஞ்சம் பாருங்கள். வைகையில் வெள்ளம், கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. கதைக்கான உலக விதி இது ஒன்றுதான். வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை, கூலி கொடுக்கப் புட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. உதிர்ந்த புட்டைக் கூலியாகப் பேசி, கூலியாள் வேஷத்தில் வந்த சிவன் தின்றுவிட்டுத் தூங்குகிறான். பிரம்படி விழுகிறது, அது பாண்டியன் முதுகிலும் படுகிறது. நாட்டின் வரி, படை, வம்சாவளி எதுவும் கதையில் வராது. இருந்தும் அந்த ஊர் எப்படி நடந்தது என்று தெரிந்துவிடுகிறது: கரை ஊர்ப் பொறுப்பு, ஆளுக்கு ஆள் பங்கு அளந்து விட்டிருக்கிறார்கள், கிழவி என்று விட்டுவிடவில்லை, பங்கு அடைபடாவிட்டால் அடி. விதி யாருக்குப் பொருந்தாதோ அவரிடமிருந்து கதையைத் தொடங்கியதால் இத்தனையும் தானாக வந்தது. உங்கள் நோட்டில் உள்ள சட்டங்களில் எது யாரை மாட்டவைக்கும் என்று முதலில் தேடுங்கள்.

அடுத்து, எடுத்த விவரத்தை எப்படி வைப்பது. பாண்டிய நாட்டுப் பழைய கண்மாய்களில் குமிழித் தூம்பு உண்டு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை அது. கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண். அடியில் கல்தொட்டி. அதில் தண்ணீர் போக மேலே நீரோடித் துளை, சேறு போகக் கீழே சேறோடித் துளை. ஓர் ஆள் நீந்திப் போய், முங்கி, அடைப்புக் கல்லைத் தூக்க வேண்டும். உங்கள் நாட்டில் இந்த உரிமை ஒரு குலத்திடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவில் பெரும்பாலும் இப்படி வரும்: "பத்துத் தலைமுறையாக மடைக்காவல் குலத்தின் மூத்த மகனே கல்லைத் தூக்கி வந்தான். தவறினால் உரிமை பங்காளிக்குப் போகும்." தகவல் சரி, காட்சி இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

"அப்பன் ஒரே மூச்சில் தூக்கிய கல். அவன் நாலாவது தடவை முங்கினான். கரையில் சித்தப்பா மகன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான்."

குலம், உரிமை, பங்காளி எல்லாம் இந்த மூன்று வரியில் வந்துவிட்டன. எத்தனை துளை, எத்தனை தூண் என்பது வேண்டியதில்லை. சேறோடியைத் தவறுதலாகத் திறந்து கதை திரும்புகிறது என்றால் மட்டும் வேண்டும்.

நம்பிக்கைகளுக்கும் இதே வழிதான். கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்தில் ஒருவர் "பச்சைப் பட்டுடா!" என்று கத்தினால், பக்கத்தில் இருப்பவர் முகம் மலர்வதைக் காட்டினால் போதும். அந்த வருஷம் விளைச்சல் நன்றாயிருக்கும் என்ற நம்பிக்கையை வெளியூர் வாசகரும் ஊகித்துக்கொள்வார்.

குறைத்தால் கெடுகிற இடமும் உண்டு. உச்சக்கட்டத்தில் நாயகனைக் காப்பாற்றும் மந்திர விதியை அங்கேதான் முதன்முதலாகச் சொன்னால் வாசகர் ஏமாந்த மாதிரி உணர்வார். நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், சின்னக் காரியம் ஒன்றில் அதைப் பயன்படுத்திக் காட்டிவிடுங்கள், அதற்கு என்ன விலை என்பதோடு சேர்த்து.

தூரமும் நேரமும் நோட்டில் துல்லியமாக இருக்கட்டும், கதையில் விளைவு மட்டும் தெரியட்டும். மாட்டுவண்டிக்கு மணிக்கு 4 கி.மீ. என்று போடுங்கள். அழகர்கோயிலிலிருந்து மதுரை சுமார் 21 கி.மீ., ஐந்தாறு மணி நேரம். அதே பாதையில் சித்திரையில் அழகர் சாயந்திரம் புறப்பட்டால் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று மறுநாள் காலையில்தான் மதுரை நுழைவில் இருக்கும் மூன்றுமாவடிக்கு வருகிறார். வழியில் எங்கெங்கே நின்றாக வேண்டும் என்ற வழக்கமே பயண நேரத்தை இரட்டிப்பாக்கும். வரைபடத்தில் மலை வரைவதைவிட இது கதைக்கு அதிகம் உதவும்.

வேலைக்கான சில அளவுகள், இவை சட்டம் இல்லை: 3,000 சொல் சிறுகதையென்றால் நம் உலகத்திலிருந்து விலகும் விதி ஒன்று, புதிதாக உண்டாக்கிய சொல் இரண்டு. நாவலின் முதல் அத்தியாயத்தில் புதுப்பெயர் ஐந்தைத் தாண்டினால் வாசகர் பின்னால் புரட்டத் தொடங்குவார். தொடர்ந்து ஐந்து வாக்கியத்துக்கு மேல் விளக்கம் ஓடினால் நடுவில் யாராவது எதையாவது செய்ய வேண்டும். "தங்களுக்குத் தெரியாததா இளவரசே" என்று தொடங்கி, இருவருக்கும் தெரிந்ததையே அமைச்சர் ஒரு பக்கம் பேசுகிற வசனத்தை யோசிக்காமல் வெட்டிவிடலாம். ஆதியில் ஐந்து குலங்கள் இருந்தன என்கிற முன்னுரையையும்தான். அதில் முக்கால்வாசி பத்தாம் அத்தியாயத்தில் தேவைப்படும்போது தானே வந்து சேரும்.

திருத்தும்போது விளக்க வரிகளை மட்டும் சிவப்புப் பேனாவால் கோடிடுங்கள். அவற்றை விட்டுவிட்டு அத்தியாயத்தை ஒருமுறை வாசித்து, தடுக்குகிற இடத்தில் மட்டும் ஒரு வரியைத் திரும்பச் சேருங்கள். பிறகு கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எங்கே குழம்பினார், எங்கே தாண்டிப் படித்தார் என்று மட்டும் கேளுங்கள். அவர் சந்தேகம் கேட்டால் வாயால் விளக்கம் சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கான பதில் பிரதியில்தான் வரவேண்டும்.