ஒரே ஃபைல், நாலு ஃபோல்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணம், ஸ்டுடியோ வைத்திருப்பவர்: ஒரே படம் கல்யாண ஃபோல்டரிலும் வேண்டும், ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்ததிலும் வேண்டும், மண்டப வாரியாக வைத்திருப்பதிலும் வேண்டும். காப்பி போட்டுப் போட்டே 16 டிபி நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) நிரம்பிவிட்டது சார்.

காப்பியை நிறுத்திவிட்டு ஹார்டு லிங்க் போடுங்கள், அதாவது இருக்கிற ஃபைலுக்கே இன்னொரு பெயர். முன்வாசல் ஒரு தெருவிலும் கொல்லைக் கதவு அடுத்த தெருவிலும் திறக்கிற வீடு நம்மூரில் எத்தனை இருக்கிறது, எப்படி நுழைந்தாலும் அதே கூடம்தானே. அதுபோல டிஸ்க்கில் படம் ஒருமுறைதான் இருக்கும், பெயர் மட்டும் மூன்று. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் ஒரு ஃபைலுக்கு 65,000 பெயர்வரை வைக்கலாம், விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் ஆயிரத்துச் சொச்சம். உங்களுக்கு இதுவே தாராளம்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று, எல்லாப் பெயரும் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் இருக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் ஓடுகிற சில நாஸ்களில் ஒவ்வொரு ஷேர்டு ஃபோல்டரும் தனி சப்வால்யூம் (உள்ளே தனியாகப் பிரித்த பகுதி) என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு லிங்க் விழாது. இரண்டு, ஆல்பத்துக்காக கிராப் செய்து அதே பெயரில் சேமித்தால், சாஃப்ட்வேர் எழுதும் விதத்தைப் பொறுத்து ஒரிஜினலும் சேர்ந்தே போய்விடலாம். கிராப் செய்ததைப் புதுப் பெயரில் சேமியுங்கள். ஏற்கெனவே குவிந்த காப்பிகளைக் கையால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ஆர்டிஃபைண்ட் (rdfind) என்ற புரோகிராம் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு லிங்க்காக மாற்றித் தரும். முதலில் ட்ரை ரன், அதாவது எதையும் மாற்றாத ஒத்திகை, ஓட்டிப் பாருங்கள்.

பட்டுக்கோட்டை: ஒரு பெயரை அழித்தால் மற்றதும் போய்விடுமா?

போகாது. கடைசிப் பெயர் இருக்கும்வரை படமும் இருக்கும். ஆனால் இதை பேக்கப் என்று நம்பாதீர்கள், டிஸ்க் செத்தால் அத்தனை பெயரும் ஒன்றாகப் போகும்.

மயிலாடுதுறை: சிம்லிங்க் போட்டிருந்தேன். மேல் ஃபோல்டரின் பெயரைத்தான் மாற்றினேன், ஒரு லிங்க்கும் திறக்கவில்லை.

சிம்லிங்க் ஹார்டு லிங்க் மாதிரி இன்னொரு பெயர் இல்லை, ஃபைல் இருக்கும் முகவரி எழுதிய துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். வீடு மாறியது சீட்டுக்கு எப்படித் தெரியும்? பழைய பெயரைத் திரும்ப வைத்தாலே பெரும்பாலும் எல்லாம் உயிர்பெற்றுவிடும். இல்லையென்றால் லினக்ஸின் ஃபைண்ட் கட்டளையில் எக்ஸ்டைப் எல் (find -xtype l) கொடுத்து அறுந்தவற்றைப் பட்டியல் எடுங்கள். நானும் பட்டவன்தான், முன்பு வேலை பார்த்த இடத்தில் டிஸ்க்கை வேறு பெயரில் மவுண்ட் செய்துவிட்டு (சிஸ்டத்தில் இணைத்துவிட்டு) ராத்திரி முழுக்க உட்கார்ந்து லிங்க் ஒட்டினேன். அன்றிலிருந்து ஒரிஜினல் கிடக்கும் ஃபோல்டருக்குத் தேதியும் எண்ணும்தான் பெயர், அர்த்தமுள்ள பெயரெல்லாம் லிங்க் இருக்கும் பக்கத்தில். மாற்றத் தோன்றுகிற பெயரை ஒரிஜினலுக்கு வைக்கவே கூடாது.

திருவாரூர்: ஹார்டு லிங்க் போட்ட படங்கள் மொத்தம் 3 டிபிதான் இருந்தது, வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டால் 5 டிபி கேட்கிறது.

அந்த டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ஃபேட்டாக இருக்கும். அதில் ஹார்டு லிங்க்கும் கிடையாது, சிம்லிங்க்கும் கிடையாது, ஒவ்வொரு பெயரும் தனிக் காப்பியாகிவிடும். எக்ஸ்ட்4 ஆக்கிக்கொண்டு காப்பி எடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் பெரிய எச் (rsync -H) சேர்த்து ஓட்டுங்கள். அதைச் சேர்க்காவிட்டால் எக்ஸ்ட்4-இலும் இதே கதைதான்.

நீடாமங்கலம், கல்லூரி மாணவி: நெல் இலைப் படங்களை ரகம், பட்டம் (சாகுபடிப் பருவம்), நோய் என்று மூன்று விதமாகப் பிரிக்க வேண்டும். பெரிய இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்?

சரியான கேள்வி. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்னில் அட்லஸ் சோதனைக்காக எழுதிய ரூசியோ என்ற தரவு நிர்வாக சாஃப்ட்வேரைப் பாரும்மா. அதில் ஃபைல்களைச் சேர்த்தால் டேட்டாசெட், டேட்டாசெட்டுகளைச் சேர்த்தால் கன்டெய்னர். ஒரே ஃபைல் எத்தனை டேட்டாசெட்டில் வேண்டுமானாலும் இருக்கலாம், ஏனென்றால் அங்கே இருப்பது வெறும் பெயர்ப் பட்டியல். எங்கே எத்தனை காப்பி இருக்க வேண்டும் என்பதைத் தனியாக ஒரு விதி சொல்லும், அந்த விதி காலாவதியாகி வேறு விதியும் பிடித்து வைக்காவிட்டால் காப்பியை அழித்துக்கொள்ளலாம். டேட்டாசெட்டை மூடிவிட்டால் புதிதாக எதுவும் சேராது.

உனக்கு அவ்வளவு தேவையில்லை. படங்களை எண் போட்டு ஒரே இடத்தில் வைத்துவிட்டு எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் ஒரு டேபிள் போடு: எண், ரகம், பட்டம். நோய்க்கு மட்டும் எண்ணும் நோயும் கொண்ட இன்னொரு டேபிள், ஏனென்றால் குறுவையில் எடுத்த ஏடிடி 43 ரக இலை ஒன்றிலேயே குலைநோயும் இலைப்புள்ளியும் சேர்ந்து இருக்கும், அதை எந்த ஃபோல்டரில் போடுவாய்?